குறிஞ்சி பிளாக்கில் வேரழுகல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குள் தமயந்தியின் கைப்பேசி பதினொரு முறை அடித்துவிட்டது. பதினொரு பேருக்கும் புகார் ஒன்றுதான், சொன்ன விதம்தான் வேறு. மூன்று-சி ஜெரால்டு, புதினா வெந்நீரில் முக்கி எடுத்த மாதிரி கிடக்கிறது என்றார். ஒன்பது-ஏ மாமியார், மருமகள் கை பட்டதால்தான் கீரை சாய்ந்தது என்றாள். ஒன்பது-ஏ மருமகள் தனியாகக் கூப்பிட்டு, மாமியார் கண் பட்டதால்தான் சாய்ந்தது என்றாள். இரண்டு பேரும் ஒரே வீட்டின் இரண்டு மூலையிலிருந்து பேசினார்கள் என்பதைத் தமயந்தி மனதில் குறித்துக்கொண்டாள். இதெல்லாம் பின்னால் உதவும்.

குறிஞ்சி பிளாக்குக்கு அவள் தோட்டச் செயலாளர். எப்படியும் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையப் போகிறவள், ஒரு பதவியோடு நுழையட்டும் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

லாரிகளில் காய்கறி வருவது நின்று எட்டு வருடமாகிறது. இருக்கிற தண்ணீரில் வயலுக்கு நெல்லும் பருப்பும் போதும் என்று அரசாங்கம் முடிவுகட்டியபின், கீரை, தக்காளி, வெண்டை எல்லாம் நகரத்து வீடுகளின் தலையில் விழுந்தன. வண்டலூருக்கு அந்தப் பக்கம் வாரியம் கட்டிய இந்தப் பன்னிரண்டு மாடியில், நாற்பத்தெட்டு வீட்டுக் கூடத்திலும் ஆறு தட்டு அலமாரி ஒன்று நிற்கும். மண் கிடையாது. தட்டுக்குள் சத்துத்தண்ணி ஓடும், அதில் வேர்கள் தொங்கும், மேலே ஊதா விளக்கு எரியும். நானூறு சதுரடி வீட்டில் அந்த வெளிச்சத்தில் குடும்பமே கத்தரிக்காய் நிறத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பழகிவிட்டது. வெளியே வெயிலில் பார்த்தால்தான் ஒருவரை ஒருவருக்கு அடையாளம் தெரிவதில்லை.

பத்து மணிக்கு வாரியத்து ஆய்வாளர் இன்பராஜ் வந்தார். முப்பது வயதிலேயே ஓய்வுபெற்றவர் போல நடப்பவர். தமயந்தி வீட்டு அலமாரியில் இரண்டு வேர்களைத் தூக்கிப் பார்த்தார். பழுப்பாக, நசநசவென்று விரலில் ஒட்டியது.

"தண்ணியில வந்துச்சா சார்?"

"தண்ணியில வராதும்மா. ஒவ்வொரு வீட்டுக்குள்ள நுழையற இடத்துலயும் குழாய்க்குள்ள ஒரு விளக்கு இருக்கு, கிருமி எதுவும் தப்பாது. இது செடியோட செடியா வந்தது. யாரோ வெளிச்செடி ஒண்ண அலமாரில சொருகியிருக்காங்க."

"அப்படின்னா ஒரு வீட்லதானே சார் இருக்கணும்? காலையிலேருந்து என் காது போயிடுச்சு, அத்தன வீட்லேருந்து போன்."

"அதான் எனக்கும் புரியல. வாரியம் குடுத்த விதைக்குப்பிய மட்டும்தான் வைக்கணும். பறிச்ச கீரைய யாருக்கு வேணா குடுங்க, ஆனா வேர் விடற கிளை வீடு விட்டு வீடு போகக் கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

தமயந்தி ஊதா விளக்கை அண்ணாந்து பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

கையெழுத்துப் போட்டது வாஸ்தவம். ஆனால் கேட்டு வாங்கிய கிளை வேர் பிடிக்காது, கண்ணில் படாமல் கிள்ளிக்கொண்டு வந்தால்தான் தழைக்கும் என்று இவர்கள் அத்தனை பேருக்கும் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. மண்ணை விட்டு எட்டு வருடமாகியும் அது போகவில்லை. குறிஞ்சி பிளாக்கில் ஒரு வீட்டுக்குப் போய், காபி குடித்து, ஊர்க்கதை பேசி, கிளம்பும்போது "அய்யோ கண்ணாடிய வச்சுட்டேனே" என்று உள்ளே திரும்பிப் போகிறவர்கள் எல்லாரும் அலமாரிக்குத்தான் போகிறார்கள். வீட்டுக்காரிக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றே சமையலறைப் பக்கம் திரும்பி நிற்பாள், ஏனென்றால் நாளைக்கு அவளும் கண்ணாடியை மறக்க வேண்டும்.

இன்பராஜ் ஒரு படிவத்தை நீட்டினார். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எந்த வீட்டால வந்ததுன்னு எழுதித் தரணும். அந்த வீட்டுக்கு மூணு வருஷம் சத்துத்தண்ணி, விளக்கு ரெண்டு லைனும் கட். மத்தவங்களுக்குப் புதுக் குப்பி வரும். எழுதப்பட்ட வீட்டைத் தவிர மீதி எல்லா வீடும் கையெழுத்துப் போட்டிருக்கணும். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் பிளாக் மொத்தத்துக்கும் சீல்."

"ஒரே ஒருத்தர் மொரண்டு புடிச்சாக்கூடயா?"

"விதிய நானாம்மா எழுதினேன்? நாளைக்கு எல்லா வீட்லயும் வேர்த்துண்டு எடுத்து வைங்க. ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு மரபு எண் உண்டு, எந்த வீட்டுச் செடி எந்த வீட்ல இருக்குன்னு மிஷின் படம் போட்டுக் குடுத்துடும்."

அதைக் கேட்டுத் தமயந்திக்கு முதலில் வந்தது பொறாமை. யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு வருடம் ஆனது. மிஷினுக்கு ஒரு நாளாம்.

சாயங்காலம் லிஃப்ட் வாசலில் கூட்டம். பிளாக் தலைவர் இரண்டு-ஏ திருஞானம், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கியில் பேசினார். "யாரையும் குத்தம் சொல்லக் கூட்டல. ஆனா நமக்கெல்லாம் தெரியும்."

"ஏழு-டிதான்," என்றார் ஜெரால்டு.

"நான் பேர் சொல்லல. நீங்க சொன்னீங்க."

"அவங்க வீட்டு அலமாரில என்ன வளருதுன்னு யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் ஒன்பது-ஏ மருமகள். மாமியார் தலையாட்டினாள். அந்த இருவரும் ஒன்றில் ஒத்துப்போனதை அன்றுதான் பிளாக் பார்த்தது.

ஏழு-டியில் முனிரத்தினமும் அவர் மனைவி செங்கமலமும் இருந்தார்கள். முனிரத்தினத்துக்குச் சத்துத்தண்ணி நிலையத்தில் வேலை. நகரத்துக் கழிவெல்லாம் போய்ச் சேருகிற இடம். கழிவு உள்ளே போகும், சத்தாக வெளியே வரும். அந்தச் சத்தில்தான் குறிஞ்சி பிளாக்கின் புதினா வளர்ந்து, சட்னியாகி, இட்லியோடு இறங்குகிறது. அதில் யாருக்கும் சங்கடமில்லை. அதைச் சுத்தம் பண்ணுகிறவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்தான் சங்கடம். ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பழக்கமில்ல, அவ்வளவுதான்" என்பார்கள். தமயந்தியும் அப்படித்தான் சொல்லுவாள். எட்டு வருடத்தில் அவள் நுழையாத ஒரே வீடு அதுதான்.

கூட்டத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்றுகூட நினைத்தாள். உள்ளதை மறைப்பானேன்.

புதன்கிழமை வேர்த்துண்டு போடக் காலிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். நான்கு-பியில் அவள் வீட்டு வெந்தயக்கீரை, அவள் வீட்டில் வளர்ந்ததைவிடச் செழிப்பாக நின்றிருந்து அழுகியிருந்தது. பதினொன்று-சியில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு துணி போர்த்திய தட்டு. இரண்டு-ஏயில் திருஞானத்தின் மனைவி புனிதவதி, மூன்றாம் தட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். முந்தானைக்குப் பின்னாலிருந்து கற்பூரவல்லி வாசனை கும்மென்று வந்தது. வாரியத்துப் பட்டியலில் கற்பூரவல்லியே கிடையாது.

"சளிக்கு," என்றாள் புனிதவதி.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"ஆஸ்பத்திரி வாசல்ல இருந்துச்சு. பாவம், வெயில்ல காஞ்சிட்டு."

கடைசியாக ஏழு-டி. கதவைத் திறந்த செங்கமலத்துக்கு நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றி உள்ளே காலை வைத்த தமயந்தி அப்படியே நின்றாள். ஆறு தட்டும் பச்சை. தண்டங்கீரை விறைப்பாக, தக்காளி குலை குலையாக. வேரைத் தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி வெள்ளை.

"டீ போடட்டுங்களாக்கா?"

"வேணாம்மா, இப்பத்தான் மாத்திர போட்டேன்." எந்த மாத்திரை என்று செங்கமலம் கேட்கவில்லை. தமயந்தி மாத்திரையே போடுகிறவள் இல்லை.

"நல்லாப் பாத்து எடுங்க," என்றாள் செங்கமலம். "எங்க வீட்ல அழுகல்னு ஒரு எழுத்து பதிவாச்சுன்னா அவர நிலையத்துல அன்னைக்கே அனுப்பிடுவாங்க. தண்ணியக் கெடுத்தவன்னு பேராயிடும், அப்புறம் எந்த ஊர்லயும் அந்த வேலை கெடைக்காது. அதனால யாரு செடி குடுத்தாலும் வாங்கறதில்லன்னு இருந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "யாரும் குடுத்ததில்ல. அது வேற விஷயம்."

வியாழக்கிழமை மத்தியானம் படம் வந்தது. இன்பராஜ் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தெட்டு புள்ளி, அவற்றுக்கு நடுவே கோடுகள். மார்கழி மாதத்துப் பெரிய கோலம் போல, வளைந்து நெளிந்து, திரும்பி வந்து, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. தமயந்தியின் புள்ளியிலிருந்து மட்டும் பத்தொன்பது கோடுகள்.

"பத்தொன்பது வீட்ல கை வச்சிருக்கீங்க."

"போனாப் போகுது, விடுங்க சார்."

"அழுகல் பழசா இருக்கறது ரெண்டு-ஏல. அந்தக் கற்பூரவல்லிதான் மொத. அங்கேருந்து ஒவ்வொரு கோட்டு வழியாவும் போயிருக்கு." விரலை நகர்த்தினார். "இத பாருங்க. இந்த ஒரு புள்ளிக்கு வர்ற கோடும் இல்ல, போற கோடும் இல்ல."

பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் குனிந்து பார்த்தாள். கோலம் போட்டுக்கொண்டே வந்தவள் ஒரு புள்ளியை மட்டும் மறந்து எழுந்து போய்விட்ட மாதிரி, ஓரத்தில், தனியாக, ஏழு-டி.

"சுத்தமான வீடு," என்றார் இன்பராஜ்.

"எங்க ஆளுங்க அந்த வீட்டுப் பேரத்தான் எழுதப் போறாங்க சார்."

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "மேல யாரும் படத்தப் பாக்க மாட்டாங்கம்மா. படிவத்ததான் பாப்பாங்க."

தமயந்தி வம்பு பேசுவாள். ஆனால் தப்பான வம்பு பேசியதில்லை. மூன்றாம் மாடிப் பெண் யாரோடு போனாள் என்று பிளாக்கே ஒரு பெயர் சொன்னபோது, "அவன் இல்ல, அவன் தம்பி" என்று வீடு வீடாகப் போய்த் திருத்திவிட்டு வந்தவள். பொய்யான தகவல் ஒன்று தன் கையெழுத்தோடு வெளியே போவதை நினைக்க நினைக்க அவளுக்கு எரிந்தது. இவ்வளவு நாள் வராத எரிச்சல் இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்பதிலும் எரிச்சல்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் எழுந்து படத்தைப் பற்றிச் சொன்னாள். கற்பூரவல்லியைப் பற்றியும் சொன்னாள்.

"தலைவர் வீட்டையா எழுதச் சொல்றீங்க?" என்று ஜெரால்டு நெஞ்சில் கை வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் திருஞானம்.

"நீங்க போட வேணாம் சார். எழுதப்பட்ட வீடு போடவே வேணாம். மத்தவங்க போட்டாப் போதும்."

மத்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லார் அலமாரியிலும் இரண்டு-ஏ கற்பூரவல்லியின் பேரனோ பேத்தியோ இருந்தது.

"அது திருட்டுச் செடி இல்ல," என்று புனிதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆசப்பட்டு எடுத்தது."

"ஏம்மா தமயந்தி, ஏழு-டின்னு எழுதினா என்ன ஆயிடும்? அவங்களுக்கு என்ன, நிலையத்துலயே ஏதாச்சும் கெடைக்கும்," என்றார் திருஞானம்.

"வேலையே போயிடும் சார் அந்த மனுஷனுக்கு!"

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு போகத்தான் செய்யுது."

தமயந்திக்கு உச்சந்தலை சுட்டது. "அப்படியா? அப்ப என் வீட்டையே எழுதிக்கிறேன். ஆறு-பி! மூணு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் உப்பும் பருப்பும் தின்னுட்டுக் கெடக்கிறோம். போதுமா உங்களுக்கு?"

சொல்லிவிட்டுப் படிவத்தில் பட்டென்று எழுதியும்விட்டாள். யாராவது பேனாவைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தாள். "அய்யோ அக்கா, நீங்களா!" என்று ஒரு குரலாவது வரும் என்று நின்றாள்.

நாற்பத்தாறு கையெழுத்து விழ இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் நின்று போட்டார்கள். ஒன்பது-ஏவுக்கு மாமியார் போட, மருமகள் தாளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் மாடிப் பெண்ணின் அம்மா, பெயரை முழுசாக, முதலெழுத்தோடு, அழுத்தி எழுதினாள். "பேனா நல்லா எழுதுதுக்கா" என்றார் ஜெரால்டு.

வீட்டுக்கு வந்து கணவர் தணிகாசலத்திடம் பொங்கித் தீர்த்தாள். "எட்டு வருஷம்! எவ்ளோ பண்ணியிருக்கேன் இவங்களுக்கு!"

"பண்ணியிருக்க," என்றார் அவர், அழுகாத கீரை எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று அலமாரியில் தேடிக்கொண்டே. "பேசியும் இருக்க."

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஏழு-டி கதவைத் தட்டினாள். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. இன்பராஜ் வாசலிலேயே நின்றார். செங்கமலம் படிவத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். குறிஞ்சி பிளாக்கில் அந்தப் படிவத்தைப் படித்த ஒரே ஆள் அவள்தான். படித்துவிட்டுப் பேனாவோடு திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போட மாட்டேங்க்கா."

"ஏம்மா?"

"உங்க வீட்டால வரலியே. பொய்தானே இது?"

"அட, உங்களுக்காகத்தாம்மா எழுதினேன்! இல்லன்னா உங்க பேர எழுதியிருப்பாங்க. இப்ப நீங்க போடலன்னா பிளாக்குக்கே சீல், உங்க வீடும் அழுகல்னு பதிவாயிடும். உங்க வீட்டுக்காரர் வேலை போயிடும், யோசிங்க!"

உள்ளே நாற்காலியில் இருந்த முனிரத்தினம் எழுந்து வந்தார். வேலைக்குக் கிளம்புகிற சட்டையில் இருந்தார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டார்.

"எட்டு வருஷமா எத்தனையோ தாள் சுத்துச்சு," என்றாள் செங்கமலம். "லிஃப்ட் ரிப்பேருக்கு, பொங்கல் விழாவுக்கு, வாட்ச்மேன மாத்தறதுக்கு. ஒண்ணுகூட இந்தக் கதவுக்கு வரல. மொத மொதல்ல வர்ற தாள்ல பொய்யாக்கா கையெழுத்துப் போடுவேன்? போறது போகட்டும். உண்மைய எழுதிட்டு வாங்க, போடறேன்."

"உண்மையா? உண்மைய எழுதினா எவன் கையெழுத்துப் போடுவான்?" தமயந்தி கத்தியே விட்டாள். "உண்மைய எழுதணும்னா நாப்பத்தேழு வீட்டையும் எழுதணும். என்னையும் சேத்து! எழுதட்டுமா? எழுதறேன்!"

கதவு நிலையிலேயே படிவத்தை வைத்து, ஆறு-பி என்பதற்கு முன்னும் பின்னும் எழுத ஆரம்பித்தாள். ஒன்று-ஏ, ஒன்று-பி, ஒன்று-சி. கோபத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. பன்னிரண்டு-டி வரை எழுதி முடித்தபோது விளிம்பெல்லாம் நிரம்பியிருந்தது. ஏழு-டி மட்டும் இல்லை.

"போதுமா? போடுங்க இப்ப. எப்படியும் செல்லாது."

செங்கமலம் போட்டாள். நிதானமாக, பள்ளிக்கூடத்து எழுத்தில்.

இன்பராஜ் படிவத்தை வாங்கி ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைப்பேசியில் விதியைத் தேடி எடுத்து முணுமுணுவென்று வாசித்தார்.

"செல்லும்மா," என்றார்.

"எது?"

"எழுதப்பட்ட வீட்டைத் தவிர மீதி எல்லா வீடும் கையெழுத்துப் போட்டிருக்கணும். மீதி இருக்கறது ஒரே வீடு. போட்டுட்டாங்க." மணியைப் பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு. "நாப்பத்தேழு வீட்டுக்கு லைன் கட். ஏழு-டிக்கு மட்டும் தண்ணி வரும். நான் கெளம்பறேன், கீழ இறங்கறதுக்குள்ள யாருகிட்டயும் சொல்லாதீங்க."

முனிரத்தினம் செருப்பை மாட்டினார். பிறகு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினார்.

அன்று ராத்திரிக்குள் தமயந்தியைப் பிளாக்கின் மூன்று வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். நான்காவதாக ஒரு குழு இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளைப் பற்றிப் பேசுவதற்கென்று தனியாக வைத்திருந்ததாம். அதுதான் எல்லாவற்றையும்விடப் புண்பட்டது.

திங்கட்கிழமை நாற்பத்தேழு கூடத்தில் ஊதா விளக்கு அணைந்தது. குடும்பங்கள் தங்கள் நிஜ நிறத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பருப்புச்சோறு சாப்பிட்டன. செவ்வாயும் பருப்பு. புதனும். வியாழக்கிழமை மத்தியானம், ஊரே கண்ணயர்கிற நேரத்தில், லிஃப்டில் ஏறினால் சத்தம் கேட்கும் என்று படியேறி ஒருத்தி மேலே போனாள். இரண்டாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு, மூட்டு வலியோடு, முந்தானைக்குள் ஒரு கிண்ணத்தை மறைத்துக்கொண்டு. புனிதவதி. ஆறாம் மாடியில் எந்தக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கும் என்று இத்தனை வருடம் ஆகியும் அவளுக்குத் தெரியாமல் போனது அவள் தப்பு.

தமயந்தி வெறுங்காலோடு பின்னாலேயே ஏறி, படி திருப்பத்தில் நின்றாள்.

"சளி," என்று புனிதவதி சொல்வது கேட்டது. "ஒரு கைப்பிடி தூதுவளை இருந்தா..."

"இருக்குங்க. உள்ள வாங்க."

"பரவால்லம்மா, இங்கயே குடுத்துடு. கால் வேற வலிக்குது."

"வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போனா எனக்குக் கஷ்டமா இருக்கும். வந்து உக்காருங்க, பறிச்சுத் தரேன்."

கிண்ணம் கதவு நிலையில் இடிக்கிற சத்தம். பிறகு செருப்பு கழற்றுகிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம். எட்டு நிமிடம் கழித்துத்தான் புனிதவதி வெளியே வந்தாள். தமயந்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதை அவள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். நாற்பத்தைந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்களே, வேறு வழியில்லை, கதவு கதவாகத் தட்டினாள். முகத்தில் அடித்த மாதிரி சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னாள். "தலைவர் வீட்டம்மாவே போய் உக்காந்துட்டு வந்துட்டாங்க. எட்டு நிமிஷம். தூதுவளை."

நாலு மணியிலிருந்து படிக்கட்டில் ஆள் நடமாட்டம் ஆரம்பித்தது. ஜெரால்டு ஏறும்போது ஒன்பது-ஏ மருமகள் இறங்கினாள். இருவரும் உடற்பயிற்சிக்காகப் படியேறுவதாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். திருஞானம் வரவில்லை. அவர் தூதுவளை ரசம் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாக் கதவையும் தட்டி முடித்து, குரல் கட்டிப்போய், தமயந்தி தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏழு-டிக்குப் போனபோது ஆறரை மணி. இந்தத் தண்டங்கள் எல்லாருக்கும் வழி சொல்லி அனுப்பியவள் கடைசியில் நிற்கிறாளே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கூடத்தில் ஆறு தட்டும் மொட்டையடித்தது போல நின்றன. தண்டுகள்தான் மிச்சம்.

செங்கமலம் கிண்ணத்தைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

"தீந்துபோச்சேக்கா. இனி துளிர்க்க ஒரு வாரம் ஆகும்."

"சரிம்மா, இருக்கட்டும். அப்புறமா வரேன்."

"கீரை இல்லன்னா என்ன," என்று செங்கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சும்மா உக்காந்துட்டுப் போங்க."